வீட்டுக்குள் ஒரு வேவுக்காரன்

சென்ற இதழில் வடகம், வற்றல் போட்டு வைப்பது பற்றி எழுதியிருந்தேன். திடீர் மழையில் மாவு கெட்டுப்போன கதையை எழுதி அனுப்பிய சகோதரிகளுக்கு என் அனுதாபங்கள்! இந்த முறையும் கெட்டுப்போன கதைதான். ஆனால் கெட்டது மாவு இல்லை, எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்.

"கம்ப்யூட்டரா? அது நம் விஷயமில்லை" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கரண்ட் பில் கட்டுவதிலிருந்து குழந்தையின் பள்ளிக் கட்டணம் வரை இன்றைக்கு அதில்தான் நடக்கிறது. அரிசி டப்பாவில் வண்டு விழுந்தால் சும்மா இருப்போமா? புடைத்து, வெயிலில் போட்டு, டப்பாவைக் கழுவிக் காயவைத்த பிறகுதானே மறு வேலை! இதுவும் கிட்டத்தட்ட அந்த மாதிரி காரியம்தான். கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் புதுக்கோட்டை. ராஜாக்கள் ஆண்ட புதுக்கோட்டை இல்லை. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற வழியில் இருக்கிற புதுக்கோட்டை. (கடிதம் போடுகிறவர்கள் தயவுசெய்து மாவட்டத்தின் பெயரையும் எழுதுங்கள். போன மாதம் இரண்டு கடிதங்கள் ஊர் சுற்றிவிட்டு வந்தன!) என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. மூத்தவள் திருநெல்வேலியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். சின்னவன் பத்தாம் வகுப்பு. மாமியார் எங்களோடு இருக்கிறார்கள்.

2020-இல் கொரோனா வந்து பள்ளிக்கூடங்களை மூடியபோது, மூத்தவளின் ஆன்லைன் வகுப்புக்காகப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினோம். நன்றாகத்தான் உழைத்தது. ஆனால் சில மாதங்களாக அதன் நடை மாறியிருந்தது. பொத்தானை அழுத்திவிட்டு அடுப்பில் பாலை வைத்தால், பால் பொங்கி, ஆறி, நான் காபி குடித்து முடித்த பிறகுதான் திரை வரும். இன்டர்நெட்டைத் திறந்தால் நாங்கள் வைத்திருந்த முதல் பக்கம் போய், ஏதோ புதுப் பக்கம் வந்து நிற்கும். ஓரத்தில் விளம்பரப் பெட்டிகள் முளைக்கும். ஆன்டிவைரஸ் படத்தின் மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. அதையும் ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். 'ஏதோ ஞாபகப்படுத்துகிறது, சாவகாசமாகப் பார்ப்போம்' என்று விட்டுவிட்டேன். என் தப்புதான்.

அந்தச் சனிக்கிழமை

மூத்தவளின் செமஸ்டர் கட்டணத்துக்குக் கடைசி நாள். சீட்டு எடுத்த பணம் 48,000 ரூபாய் வங்கியில் இருந்தது. பத்து மணிக்குக் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தேன். திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு! காதைப் பிளக்கிற மாதிரி ஒரு சங்கு ஒலி. 'உங்கள் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டுவிட்டது. வைரஸ் உங்கள் வங்கி விவரங்களைத் திருடுகிறது. அணைக்காதீர்கள். உடனே இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்' என்று இங்கிலீஷில் எழுத்துகள் ஓடின.

கை நடுங்கியது. இவர் ராத்திரி ஷிப்ட் முடிந்து அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார். எழுப்ப மனம் வரவில்லை. அந்த எண்ணைக் கூப்பிட்டேன்.

மறுமுனையில் ஒருவன் மிக மரியாதையாகப் பேசினான். "பயப்படாதீங்க மேடம். நான் சொல்ற ஒரு ஆப்பை இன்ஸ்டால் பண்ணுங்க. அதுல ஒன்பது நம்பர் வரும். அதைப் படிச்சுச் சொன்னீங்கன்னா நாங்களே இங்கிருந்து சரி பண்ணிடுவோம்." நானும் இன்ஸ்டால் செய்தேன். எண் வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்கப் போனேன்.

அந்தச் சமயத்தில் சின்னவன் ஓடிவந்து என் கையிலிருந்த போனைப் பிடுங்கினான்.

"அம்மா, வைம்மா! அது கள்ளப் பயக! சொல்லிராத!"

போனை அணைத்தான். இன்டர்நெட் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினான். பிறகு சுவரோரம் போய் நின்று அழ ஆரம்பித்துவிட்டான்.

"ஏல, காப்பாத்திட்டு நீ எதுக்கு அழுத?" என்றார்கள் மாமியார்.

விஷயம் மெதுவாக வெளியே வந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரு விளையாட்டை எங்கிருந்தோ இலவசமாக இறக்கியிருக்கிறான். அதோடு வந்த வீடியோவில், 'முதலில் ஆன்டிவைரஸை அணைத்துவிடு, இல்லாவிட்டால் ஏறாது' என்று சொல்லியிருக்கிறான் ஒருவன். இவனும் அணைத்திருக்கிறான். அன்றிலிருந்து விளம்பரம் முளைத்ததும், பக்கம் மாறியதும் இவனுக்குத் தெரியும். சரி செய்கிறேன் பேர்வழி என்று, ஏற்கெனவே இருந்த ஆன்டிவைரஸுக்கு மேல் இன்னொன்றையும் ஏற்றியிருக்கிறான். இரண்டுமே வேலை செய்யவில்லை. அப்பாவிடம் அடி விழும் என்று வாயைத் திறக்கவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கையை ஓங்கினேன் என்பது நிஜம். மாமியார்தான் தடுத்தார்கள். "ஏட்டி, இன்னைக்கு நீ அடிச்சேன்னா நாளைக்கு இதைவிடப் பெரிசா ஒண்ணு நடந்தாலும் சொல்ல மாட்டான், பாத்துக்க." ஓங்கிய கை இறங்கிவிட்டது.

அப்போதுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது. முந்தின நாள் ராத்திரி என் போனுக்கு வங்கியிலிருந்து இரண்டு ஓ.டி.பி. எண்கள் வந்திருந்தன. நாங்கள் கேட்கவே இல்லை. 'தவறாக வந்திருக்கும்' என்று படுத்துவிட்டேன். அதாவது, யாரோ எங்கள் பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டு வாசல் வரை வந்துவிட்டார்கள். அந்த எண் ஒன்றுதான் அவர்களை நிறுத்தி வைத்திருக்கிறது.

வைரஸ் வேறு, வேவுக்காரன் வேறு

என் நாத்தனார் மகள் தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் சம்பந்தமான வேலையில் இருக்கிறாள். சாயங்காலம் வந்தாள். "அத்தை, நான் செய்யலை. நான் சொல்லுதேன், நீங்க செய்யுங்க. அப்பதான் உங்களுக்கு வரும்" என்று என்னையே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். அவளிடம் கற்றதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

வைரஸ் என்பது ஒரு பைலோடு ஒட்டிக்கொண்டு மற்ற பைல்களுக்கும் பரவுகிற கெட்ட புரோகிராம். 1986-இல் லாகூரைச் சேர்ந்த இரண்டு சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்' பிளாப்பி தட்டுகள் மூலமாகவே பல நாடுகளுக்குப் போய்விட்டது. 2000-ஆம் வருஷம் மே மாதம் 'ஐ லவ் யூ' என்ற தலைப்போடு வந்த மின்னஞ்சலைத் திறந்து உலகம் பூராவும் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்கள் படுத்தன.

ஸ்பைவேர் என்கிற வேவுப் புரோகிராம் அப்படி ஆர்ப்பாட்டம் செய்யாது. சத்தமில்லாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். நாம் தட்டுகிற எழுத்துகளைக் குறித்துக்கொள்ளும். எந்தப் பக்கத்துக்குப் போகிறோம் என்று பார்க்கும். 'பாஸ்வேர்டை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டுமா?' என்று கேட்டதற்கு நாம் 'சரி' சொன்னோமே, அந்த மொத்தப் பட்டியலையும் அள்ளிக்கொண்டு போய் எங்கோ இருக்கிறவனிடம் கொடுக்கும்.

ஆன்டிவைரஸ் என்ன செய்கிறது? போலீஸ் ஸ்டேஷனில் பழைய கேடிகளின் போட்டோ மாட்டியிருப்பார்களே, அதே மாதிரி கெட்ட புரோகிராம்களின் அங்க அடையாளப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு பைலையும் ஒப்பிட்டுப் பார்க்கும். பட்டியலில் இல்லாதது சந்தேகப்படும்படி நடந்துகொண்டாலும் பிடிக்கப் பார்க்கும். தினம் புதுக் கேடிகள் வருவதால் பட்டியலையும் தினம் புதுப்பிக்க வேண்டும். அதைத்தான் 'அப்டேட்' என்கிறார்கள். எங்கள் பட்டியல் ஒரு மாதத்துப் பழையது!

கோளாறு எங்கே?

ஆன்டிவைரஸ் வேலை செய்யாததற்கு எங்கள் வீட்டில் மூன்று காரணங்கள் இருந்தன.

முதலாவது, கடிகாரம். எங்கள் கம்ப்யூட்டர் தினமும் காலையில் 2015-ஆம் வருஷத்தைக் காட்டும். நானும் தினம் திருத்துவேன். திருத்த மறந்த நாளும் உண்டு. இதற்கும் ஆன்டிவைரஸுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை. இன்டர்நெட்டில் ஒரு இடத்தோடு பத்திரமாகப் பேசுவதற்கு முன்னால், அந்த இடத்தின் அத்தாட்சிப் பத்திரம் செல்லுபடியாகுமா என்று கம்ப்யூட்டர் தேதி பார்க்குமாம். தேதி தப்பாக இருந்தால் 'இது செல்லாது' என்று திருப்பிவிடும். அப்டேட் எப்படி வரும்? கம்ப்யூட்டருக்குள் ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கிறது. பெரும்பாலான மேசைக் கம்ப்யூட்டர்களில் சி.ஆர். 2032 என்ற ரகம். நாம் பிளக்கைப் பிடுங்கினாலும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது தீர்ந்துபோயிருந்தது. பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி மாற்றினோம். ஐந்து நிமிஷ வேலை.

இரண்டாவது, இரண்டு ஆன்டிவைரஸ். ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் பாதுகாப்புத்தானே என்று நீங்களும் நினைக்கலாம். அப்படி இல்லை. ஒன்று திறந்து பார்க்கிற பைலை மற்றது சந்தேகப்படும். அது பிடித்து வைத்ததை இது திருடன் என்னும். நடுவில் கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டும்.

எங்கள் கடற்கரையில் முத்துக்குளித்த காலத்துப் பேச்சு ஒன்று உண்டு. குளிக்கிறவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கடலில் இறங்குவார். மேலே தோணியில் ஒருவர் அந்தக் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழிருந்து அசைத்ததும் இழுக்க வேண்டும். கயிறு பிடிக்கிற ஆள் மனைவியின் உடன்பிறந்தவனாக, மச்சானாக இருக்க வேண்டுமாம். தங்கையின் தாலி அவன் கையில் இருக்கிறது என்று கவனமாக இருப்பானாம்! தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு முத்துக்குளித்தல் நடக்கவில்லை என்றாலும் இந்தப் பேச்சு மட்டும் இருக்கிறது. மாமியார் இதைச் சொல்லிவிட்டு, "ரெண்டு பேரு ஆளுக்கொரு பக்கமா இழுத்தா குளிக்கிறவன் கதி என்ன?" என்றார்கள். நாத்தனார் மகள் கைதட்டிவிட்டாள். அதனால் நம்பிக்கையான ஒன்றே ஒன்று போதும். மற்றதை 'செட்டிங்ஸ்', 'ஆப்ஸ்' பட்டியலில் போய் 'அன்இன்ஸ்டால்' செய்து, ஒருமுறை அணைத்துப் போட்டோம். அப்படியும் மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டிருந்தால், அதைத் தயாரித்த கம்பெனியே தங்கள் இணையப் பக்கத்தில் அதை வழித்தெடுக்கத் தனிக் கருவி கொடுப்பது வழக்கம்.

மூன்றாவது, அந்த வேவுப் புரோகிராமே. உள்ளே நுழைந்ததும் காவல்காரன் கண்ணைக் கட்டுவதுதான் இவற்றின் முதல் வேலை. ஆன்டிவைரஸை அணைத்து வைக்கும், அப்டேட் வருகிற வழியை அடைக்கும். அப்படியானால் நல்ல நிலையில் இருக்கிற வேறு கம்ப்யூட்டரில் அப்டேட்டை இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து போடலாம். அந்த பென் டிரைவை வேலை முடிந்ததும் வேறு எங்கும் செருகாதீர்கள். அதிலும் தொற்று ஏறியிருக்கும்.

சுத்தம் செய்த முறை

முதலில் குழந்தைகளின் போட்டோ, சான்றிதழ் ஆகியவற்றை மட்டும் தனியே பிரதி எடுத்தோம். புரோகிராம் எதையும் எடுக்கவில்லை. பிறகு 'ஆப்ஸ்' பட்டியலைத் தேதி வரிசையில் போட்டுப் பார்த்தோம். தொல்லை ஆரம்பித்த நாளில் வந்தவை எவை? அந்த விளையாட்டு, யாரும் கேட்காத ஒரு 'வீடியோ கன்வெர்ட்டர்', நானே அன்று காலையில் ஏற்றிய தொலைவிலிருந்து இயக்குகிற ஆப். மூன்றையும் நீக்கினோம்.

அடுத்து, இன்டர்நெட் பார்க்கிற பிரௌசர். அதில் 'எக்ஸ்டென்ஷன்' என்ற பட்டியல் இருக்கிறது. தள்ளுபடி கூப்பன் தருவதாக ஒன்று அங்கே உட்கார்ந்து நாங்கள் போகிற பக்கத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. அதையும் எடுத்தோம். 'நோட்டிபிகேஷன்' அனுமதி பெற்றிருந்த தெரியாத பக்கங்களை எல்லாம் நீக்கினோம். ஓரத்தில் முளைத்த விளம்பரப் பெட்டிகள் அந்த வழியாகத்தான் வந்தன! கடைசியில் பிரௌசரை 'ரீசெட்' செய்தோம்.

இன்டர்நெட்டை மறுபடி இணைத்து அப்டேட் வாங்கினோம். பிறகு துண்டித்துவிட்டு 'புல் ஸ்கேன்'. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடியது. நான் இரவுக்கு இட்லி ஊற்றி, சட்னி அரைத்து, எல்லோரும் சாப்பிட்டும் முடித்தோம். பதினொரு கெட்ட பைல்களைப் பிடித்து 'குவாரண்டைன்' செய்தது. கொரோனா காலத்தில் நாமெல்லாம் படித்த வார்த்தைதான்! அழிக்காமல், யாரையும் தொட முடியாதபடி தனியறையில் அடைத்து வைப்பது. தவறிப்போய் நல்ல பைலைப் பிடித்திருந்தால் திருப்பி எடுக்கலாம் என்பதற்காக அந்த ஏற்பாடு.

விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது பிடிபடாமல் ஒளிந்துகொள்கிற ரகமும் உண்டு. அதற்கு விண்டோஸிலேயே ஒரு வழி இருக்கிறது. 'விண்டோஸ் செக்யூரிட்டி', அதில் 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடக்ஷன்', அதில் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்', அதில் 'ஆப்லைன் ஸ்கேன்'. கம்ப்யூட்டர் தானாக அணைந்து, விண்டோஸ் திறப்பதற்கு முன்பே சோதனை நடக்கும். திருடன் எழுந்திருக்கும் முன் கட்டிலோடு பிடிக்கிற மாதிரி! சுமார் கால் மணி நேரம் ஆகும். அதில் இன்னும் ஒன்று சிக்கியது. மறுநாள் இன்னொரு முறை ஓட்டினோம். ஒன்றும் இல்லை.

இரண்டு முறை சுத்தம் செய்தும் திரும்பத் திரும்ப வந்தால் மனதைத் திடப்படுத்திக்கொண்டு விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போட்டுவிடுவதுதான் நல்லது.

பூட்டை மாற்றினீர்களா?

ஆனால் இதோடு வேலை முடியவில்லை. வீட்டுச் சாவி திருடன் கையில் போய்விட்டது என்றால், திருடனை விரட்டினால் மட்டும் போதுமா? பூட்டை மாற்ற வேண்டாமா?

பாஸ்வேர்டுகளை அந்தக் கம்ப்யூட்டரில் மாற்றக் கூடாது. வேவுக்காரன் இருக்கும்போது மாற்றினால் புதுச் சாவியையும் அவன் கையில் கொடுத்த மாதிரி ஆகும். நல்ல நிலையில் இருக்கிற போனிலிருந்து, முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி, பிறகு மற்றவை என்று மாற்றினோம். மின்னஞ்சல் ஏன் முதலில்? மற்ற எல்லாப் பாஸ்வேர்டையும் 'மறந்துவிட்டேன்' என்று சொல்லி அதன் வழியாகத்தானே வாங்க முடியும்! கூடவே 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஏற்கெனவே உள்ளே இருக்கிறவன் அப்படியே இருப்பான். என் மின்னஞ்சலில் எங்களுக்குத் தெரியாத ஒரு கருவி நுழைந்திருந்ததை அந்தப் பட்டியலில் கண்ணால் பார்த்தேன். வயிற்றைக் கலக்கிவிட்டது.

வங்கிக்கு அன்றைக்கே போன் செய்து இன்டர்நெட் பரிவர்த்தனையை நிறுத்தச் சொல்லி, திங்கட்கிழமை நேரில் போய்ப் புதிதாக வாங்கினோம். கட்டணம் இரண்டு நாள் தாமதம். அபராதம் 200 ரூபாய். 48,000-க்கு 200 ரூபாய் திருஷ்டி கழித்ததாக வைத்துக்கொண்டேன்.

மறைத்தால் வளரும்

"படிச்சவங்க வீட்டுலயா இப்படி?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார்கள். நம் வீட்டை விடுங்கள். எங்களுக்குத் தெற்கே, கூடங்குளம் அணுமின் நிலையத்தில் 2019-இல் நடந்தது தெரியுமா? நிர்வாக வேலைக்காக இன்டர்நெட்டோடு இணைந்திருந்த கம்ப்யூட்டர் ஒன்றில் வேவுப் புரோகிராம் புகுந்துவிட்டது. மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் செப்டம்பர் 4-ஆம் தேதி இதைக் கவனித்துத் தெரிவித்தது. செய்தி வெளியே கசிந்ததும் அக்டோபர் 29-ஆம் தேதி நிலையத்தின் தரப்பிலிருந்து மறுப்பு வந்தது. கட்டுப்பாட்டு இயந்திரங்கள் வெளி இணைப்பே இல்லாமல் தனியாக இருப்பவை, அவற்றைத் தாக்க முடியாது என்றார்கள். மறுநாள் 30-ஆம் தேதி இந்திய அணுமின் கழகம், கெட்ட புரோகிராம் கண்டுபிடிக்கப்பட்டது உண்மைதான், அது நிர்வாகக் கம்ப்யூட்டர் ஒன்றில்தான், முக்கிய இயந்திரங்களின் இணைப்பு தனியானது, அது பாதிக்கப்படவில்லை என்று அறிவித்தது.

அந்த வேவுக்காரனுக்கு வல்லுநர்கள் வைத்த பெயர் 'டிட்ராக்'. தட்டுகிற எழுத்துகளைக் குறிப்பது, பார்த்த பக்கங்களைச் சேகரிப்பது, என்னென்ன பைல்கள் இருக்கின்றன என்று பட்டியல் எடுப்பது எல்லாம் அதன் வேலை. இந்தியாவின் நிதி நிறுவனங்களிலும் அதைக் கண்டதாக 2019 செப்டம்பரில் காஸ்பர்ஸ்கி கம்பெனி வெளியிட்டிருந்தது. அங்கே காப்பாற்றியது எது? முக்கியமான இணைப்பைத் தனியாகப் பிரித்து வைத்திருந்ததுதான். நாமும் அதைச் செய்யலாம். குழந்தைகள் விளையாடுவதற்குக் கம்ப்யூட்டரில் தனிக் கணக்கு ஒன்று, எதையும் இன்ஸ்டால் செய்கிற அதிகாரம் இல்லாமல். அதிகாரம் உள்ள கணக்கின் பாஸ்வேர்டு பெரியவர்களிடம். பணம் சம்பந்தப்பட்ட வேலைகளை விளையாட்டு ஏறுகிற கருவியில் செய்யவே வேண்டாம்.

எதிர்வீட்டு அக்கா போகும்போது வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார்கள். "போன வருஷம் இதே மாதிரி ஒருத்தன் பேசி எங்கிட்ட 62,000 ரூவா எடுத்துட்டாம்மா. வெக்கமா இருந்துச்சு. மூணு நாளு யாருகிட்டயும் சொல்லலை. பெறகு சொல்லி என்ன செய்ய? பணம் கை மாறிப் போயிட்டு."

எனக்குத் தொண்டையை அடைத்தது. எதிரெதிர் வீடு. தினம் பார்த்துக்கொள்கிறோம். ஒரு வருஷமாக அந்த அக்கா அதைத் தனியே சுமந்திருக்கிறார்கள்! சகோதரிகளே, ஏமாந்தது வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை. ஏமாற்றியவனுக்கல்லவா வெட்கம் வேண்டும்? பணம் போன உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிட்டால், அது கை மாறிப் போகும் முன் நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்கிற நேரம் திருடனுக்கு நாம் கொடுக்கிற நேரம்.

எங்கள் சின்னவனுக்கு என்ன தண்டனை என்று கேட்கிறீர்களா? இவர் எழுந்ததும் அவனே போய் எல்லாவற்றையும் சொன்னான். இவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "மூணு வாரம் முன்னாலயே சொல்லியிருக்கலாம்லா?" என்றார். அவ்வளவுதான். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்டேட் பார்த்து, ஸ்கேன் ஓட்டி, காலண்டரில் டிக் அடிப்பது அவன் பொறுப்பு.

கத்தரித்து வைத்துக்கொள்ள

1. திரை சிவந்து சத்தம் போட்டால் பயப்படாதீர்கள். அதில் இருக்கிற எண்ணைக் கூப்பிடவே கூடாது. எந்தக் கம்பெனியும் அப்படி எண் கொடுத்துக் கூப்பிடச் சொல்லாது. 'எஸ்கேப்' பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பாருங்கள். மூடவில்லை என்றால் கம்ப்யூட்டரின் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். மறுபடி திறக்கும்போது 'பழைய பக்கங்களைத் திறக்கவா?' என்று கேட்டால் 'வேண்டாம்' சொல்லுங்கள்.

2. சந்தேகம் வந்தால் முதல் வேலை இன்டர்நெட்டைத் துண்டிப்பது.

3. ஆன்டிவைரஸ் முரண்டு பிடித்தால் இந்த வரிசையில் பாருங்கள்: தேதி சரியா? இரண்டு ஆன்டிவைரஸ் இருக்கிறதா? சந்தா முடிந்துவிட்டதா? அப்டேட் வருகிறதா?

4. காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. விண்டோஸோடு வருகிற காவலே வீட்டு உபயோகத்துக்குப் போதும், அணைக்காமல் வைத்திருந்தால். சுத்தம் செய்கிற இலவசக் கருவிகளை மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திராவும் கொடுக்கிறது. 2017 பிப்ரவரியில் தொடங்கியது.

5. விண்டோஸ் 10 வைத்திருக்கிறவர்கள் கவனிக்க: அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. ஓட்டை அடைக்காத கூரையின் கீழ் காவல்காரனை நிறுத்தி என்ன பிரயோஜனம்? புது விண்டோஸ் ஏறாத பழைய கம்ப்யூட்டர் என்றால் இலவசமான லினக்ஸ் போடலாம். நாங்கள் அதைத்தான் செய்யப் போகிறோம்.

6. கேட்காமல் ஓ.டி.பி. வந்தால் என்னைப் போலத் தூங்கிவிடாதீர்கள். உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள், வங்கியைக் கூப்பிடுங்கள். அந்த எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள்.

7. போட்டோ, சான்றிதழ்களின் பிரதி ஒன்றை எப்போதும் தனி டிஸ்கில் எடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி பீரோவில் வையுங்கள்.

8. எல்லாவற்றுக்கும் மேலாக, 'தப்பு செய்தாலும் அம்மாவிடம் சொல்லலாம்' என்ற தைரியத்தைக் குழந்தைகளுக்குக் கொடுங்கள். அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது எந்த ஆன்டிவைரஸும் இல்லை. அடிக்குப் பயந்தும் ஓடிவந்து போனைப் பிடுங்கிய பிள்ளைதான்.

உங்கள் வீட்டிலும் இந்த மாதிரி அனுபவம் இருந்தால் வெட்கப்படாமல் எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டேன். அடுத்த இதழில் பள்ளி செல்லும் குழந்தைகளுக்குக் காலையில் பத்தே நிமிஷத்தில் செய்து கொடுக்கக்கூடிய டிபன் வகைகளோடு வருகிறேன். அதுவரை, இன்றைக்குச் சாயங்காலமே ஒருமுறை உங்கள் கம்ப்யூட்டரின் தேதி சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்களேன்!